அம்மன் வாங்கிக்கொண்ட கடுக்காய்ப்பொடி

தாயின் பிள்ளைகள் எல்லோருக்கும் என் கும்பிடு. ஜவ்வாது மலையில் சாமையும் புளியும் வைத்துப் பிழைக்கிறவன் நான். வயிற்றுப்போக்கைப் பற்றி எழுதுகிறேனே என்று முகம் சுளிக்காதீர்கள். அதில்தான் அம்மன் எனக்குக் கைகொடுத்தாள்.

போன வருடம் வைகாசியில், எனக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று வேலூரில் சொன்னார்கள். ஆண் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை கொடுத்தார்கள். தினமும் விடாமல் போட வேண்டும், விட்டால் நோய் தலைதூக்கும் என்றார்கள். "வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா ஐயா?" என்று டாக்டரம்மா கேட்டார். "ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

இரண்டாவது வாரமே வயிறு கலங்கியது. ஓயாத குமட்டல். நாளுக்கு ஏழெட்டு முறை போக்கு. சாமைக் கஞ்சிகூடத் தங்கவில்லை. காலையில் வயிறு இளகிப் போகட்டும் என்று முப்பது வருடமாக இரவில் கடுக்காய்ப்பொடி சாப்பிடுகிறவன் நான். எங்கள் காட்டில் பொறுக்கி, நானே இடித்த பொடி. மாத்திரையின் சூடு வெளியேறட்டும் என்று அதைக் காலையிலும் சேர்த்துக்கொண்டேன்.

ஆனியில் நானும் மனைவியும் பரிசோதனைக்குப் புறப்பட்டோம். மலையடிவாரத்து அமிர்தி வருவதற்குள் பஸ்ஸை மூன்று முறை நிறுத்தச் சொன்னேன். மூன்றாவது முறை இறங்குவதற்குள் வேட்டி நனைந்துவிட்டது. பஸ் முழுக்கத் தெரிந்த முகங்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கொடுமை. வேலூர் போகாமலே திரும்பினோம்.

"இனிமே மாத்திரைய தொடமாட்டேன். சாவறதுன்னா மானத்தோட சாவறேன்" என்று மனைவியிடம் சொன்னேன்.

"நீங்க மானத்தோட போய்டுவீங்க. வூட்ல நான் யார்கிட்ட சண்டை போடறது?" என்றாள். கண் கலங்கியிருந்தது.

அன்று மாலையே என்னைக் காளியம்மன் கோயிலுக்கு இழுத்துப்போனாள். நான் தேம்பித் தேம்பி அழுதேன். "தாயே, இந்த மாத்திரையைத் தாங்க ஒரு வயிறு கொடு. இல்லையென்றால் என்னை எடுத்துக்கொள்" என்று வேண்டினேன். உயிராக நினைப்பதில் ஒன்றை ஆடித் திருவிழா வரை விட்டுவிடுவதாக நேர்ந்துகொண்டேன். பீடியை டாக்டரம்மா ஏற்கெனவே பிடுங்கிவிட்டார். மிச்சமிருந்தது கடுக்காய்ப்பொடி. டப்பாவோடு கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்தேன். பெரிய தியாகி என்ற நினைப்பு வேறு. மாத்திரையை மட்டும் அவள் பெயரைச் சொல்லி விழுங்கினேன்.

நான்காம் நாள் ஒரே முறைதான் போனேன். மறு வாரம் களி தங்கியது. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை மனைவி எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

வேலூருக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "இந்த மாத்திரையே சிலருக்கு வயித்தக் கலக்கும். அதுமேல ரெண்டு வேளை கடுக்காயா? அன்னிக்கு ஏன் சொல்லல?"

"அது மருந்துன்னு தோணலீங்க. எங்களுக்கு மூஞ்சி கழுவற மாதிரி" என்றேன்.

சிரித்துவிட்டார். ரத்தத்தைச் சோதித்து, நோய் அடங்கி வருகிறது என்றார். ஆடிக்குப் பிறகும் கடுக்காயைத் தொட வேண்டாம் என்றார். சாப்பிட்ட பிறகு மாத்திரை போடச் சொன்னார். இன்றும் எப்போதாவது குமட்டும். சமாளித்துக்கொள்கிறேன்.

"அப்ப கடுக்காதான் காரணம். சாமி இன்னா பண்ணுச்சு?" என்று என் மச்சான் மடக்கினான். முப்பது வருடமாக யார் சொல்லியும் விடாததை ஒரே மாலையில் என் கையாலேயே கீழே வைக்கச் செய்தது யார் என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டான்.

என்னைப் போல மாத்திரையோடு மல்லுக்கட்டுகிறவர்கள் உங்களில் இருக்கலாம். நிறுத்திவிடலாம் என்று தோன்றினால், முதலில் அம்மனிடம் போய் அழுங்கள். அப்புறம் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். இருவரிடமும் எதையும் மறைக்காதீர்கள்.