அக்காவின் அலுமாரியும் பழைய நூலகமும்

எங்கள் அக்கா சாம்பல்தீவில் ஒரு மீன்பிடிக் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்தார். தாயை நாங்கள் சிறுவயதிலேயே இழந்ததால், எனக்குச் சோறூட்டிப் படிக்க வைத்தவரும் அவரே. திருமணம் செய்யாமல், துறைமுகக் கரையோரப் பழைய நூலகத்தில் ஓய்வுபெறும்வரை நூலகராக இருந்தார்.

அந்தக் கட்டடம் கிண்ணியா வணிகர் ஒருவரின் நெற்களஞ்சியமாக இருந்தது. அவர் அதை ஊருக்கு இனாமாகக் கொடுத்தார். புயலில் கூரை போனபோது ஊரவர் ஓடு சுமந்தார்கள். இடம்பெயர்ந்த நாட்களில் சனம் அங்கே சமைத்து உறங்கியது. இவை எந்த அரசாங்கக் கந்தோரிலும் பதிவில்லை. இறந்த ஊராருக்காக அச்சிட்ட நினைவு மலர்ப் புத்தகங்களில் மட்டுமே இருந்தன. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில் கிடைக்கும் மலரை வீட்டில் வைத்திருக்க நம்மில் பலர் கூசுவோம். எறியவும் மனம் வராது. நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம். அக்கா அவற்றை ஓர் அலுமாரி நிறைய அடுக்கி வைத்திருந்தார். அவற்றைக் கொண்டு கட்டடத்தின் வரலாற்றை எழுத வேண்டும் என்பதே அவருடைய ஒரே ஆசை.

நூலகத்துக்குப் புதிய கட்டடம் எழும்பியபோது அக்கா நோயில் படுத்திருந்தார். பொருட்களை இடம்மாற்றும் பொறுப்பு வாசகர் வட்டச் செயலாளரான என்னிடம் வந்தது. பால் காய்ச்சும் நாளில் செத்தவீட்டுப் புத்தகங்களோடா குடிபுகுவது என்று யாரோ முணுமுணுத்தார்கள். யாரோ என்ன, நான்தான். காவலாளி ரஹீம் நானா தடுத்தார்.

"அக்காட்ட ஒரு சொல் கேளுங்க தம்பி."

கேட்கவில்லை. புத்தி கெட்டுப்போய் அத்தனையையும் பின்வளவில் எரித்தேன்.

மாலையில் அக்கா கேட்டார்.

"அலுமாரி பத்திரமா வந்திட்டுதோ தம்பி?"

"ஓம் அக்கா, வந்திட்டுது."

வந்ததுதான், வெறும் அலுமாரி. பிறகு ஒவ்வொரு கிழமையும் கேட்டார். ஒரு மலரையாவது எடுத்து வரச் சொன்னார். நாளைக்கு என்றேன். நாளைக்கு, நாளைக்கு என்றே அவருடைய நாட்கள் முடிந்துவிட்டன.

அக்காவின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று ரஹீம் நானா என்னைத் தனியே அழைத்தார்.

"எரிச்ச அண்டைக்கே அக்காட்டச் சொல்லிட்டன் தம்பி. 'அவன் தானாச் சொல்லட்டும், நீங்க ஒண்டும் கேக்காதீங்க' எண்டு சொன்னா."

என் வாயிலிருந்து வரட்டும் என்றுதான் அத்தனை தரமும் கேட்டிருக்கிறார். வெட்கத்தில் எனக்குத் தலை நிமிர ஏலவில்லை.

அக்காவின் இந்த நினைவு மலரில், அவரை இரவு பகல் பார்த்த அயலவருக்கும், மருத்துவமனைத் தாதியருக்கும், தொலைவிலிருந்து வந்த உறவுகளுக்கும் கைகூப்புகிறேன். உங்கள் வீடுகளில் பழைய மலர்கள் கிடந்தால் தயவுசெய்து நூலகத்துக்குத் தாருங்கள். உங்கள் எல்லோர் முன்னிலையிலும் இதை இப்போதாவது சொல்கிறேன்.

அக்கா, அவற்றை எரித்தது நான்தான்.