ரோஸ் நிற அட்டைகள்

என் கோப்பில் ரோஸ் நிற அட்டை ஒன்று இருக்கிறது. உள்ளங்கை அளவு. உணவு எப்படி, பரிமாறியவர் எப்படி, மறுபடி வருவீர்களா என்று ஆங்கிலத்தில் மூன்று கேள்விகள். ஒவ்வொன்றின் கீழும் பதிலுக்கு ஒரு கோடு. கோடுகள் காலி. கேள்விகளை எழுதியவன் நான். அச்சகத்தில் நின்று பிழை திருத்தியவனும் நானே. பி.ஏ. முடித்த சூட்டில் இருந்தேன். உலகத்தையே அட்டவணை போட்டுவிடலாம் என்று தோன்றிய வயது.

கன்டோன்மென்ட் ஸ்டேஷன் பக்கம் ஒரு ஹோட்டலில் எனக்கு குமாஸ்தா வேலை. சாப்பிட வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். ஏனென்று மேனேஜர் துரைக்குப் பிடிபடவில்லை. வருகிறவர்களையே கேட்டுவிடலாமே என்றேன். மேல்நாட்டுக் கடைக்காரர்கள் அப்படிக் கேட்பதாக ஏதோ பத்திரிகையில் படித்திருந்தேன். துரைக்கு யோசனை பிடித்துப்போயிற்று. பரிமாறுகிறவர்கள் மூன்று பேர். ஆளுக்கொரு நிறம்: வெள்ளை, மஞ்சள், ரோஸ். மாதக் கடைசியில் நான் அட்டைகளைப் பிரித்து எண்ண வேண்டும். எந்த நிறத்தில் குறை அதிகமோ அந்த ஆளுக்குச் சீட்டுக் கிழியும். கடைசி விதி துரை சேர்த்தது. எனக்கு அது நியாயமாகவே பட்டது.

ரோஸ், பட்லருடையது. மூன்று பேரில் மூத்தவர். ஞாயிறு காலை பிரேசர் டவுன் மாதா கோவிலுக்குப் போய்விட்டு நேராக டைனிங் ஹாலுக்கு வந்துவிடுவார். ஹோட்டலின் பின்புறம் ஓர் அறையில் மனைவியோடு இருந்தார். அந்த அம்மாளுக்கு இழுப்பு. வேலை போனால் அறையும் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும், எனக்கும்.

மஞ்சள்காரன் கெட்டிக்காரன். சாப்பிட்டவர் முகம் மலர்ந்திருந்தால்தான் அட்டையை நீட்டுவான். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன மாஸ்டர், பரீட்சைப் பேப்பர் திருத்தியாச்சா? நான் பாஸா, பெயிலா?" என்பான். பட்லர் அதற்கு நேர்மாறு. ஆறிய சூப்பைப் பார்த்து ஒருவர் கத்தினால், சீவிய பென்சிலோடு அட்டையைத் தட்டில் வைத்து எடுத்துப் போவார். "எழுதுங்க சார், எழுதினாத்தான் குசினியில சரி பண்ணுவாங்க" என்பார். ஒரு நாள் ரிடையரான கர்னல் ஒருவரும் மனைவியும் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு அட்டை கொடுக்கவில்லை. பட்லரிடம் ஓடிப்போய் ஏன் என்று கேட்டேன்.

"திருப்தியா சாப்ட்டு எழுந்திரிக்கிறவங்க கிட்ட சீட்டை நீட்டச் சொல்றியா? என்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதுங்கன்னு கையேந்துற மாதிரி இருக்காதா தம்பி? குறை இருந்தாத்தானே சீட்டு?"

"எல்லாருக்கும் குடுக்கணும் பட்லர். அப்பதான் கணக்கு சரியா வரும்."

"சரி தம்பி, சரி" என்றார். கொடுக்கவில்லை. மாதம் முடிய இரண்டு நாள்தான் இருந்தது, நானும் விட்டுவிட்டேன்.

அட்டவணை அழகாக வந்திருந்தது. சிவப்பு மசியில் கோடு போட்டிருந்தேன். ரோஸ் கட்டத்தில் எல்லாமே குறை. ஒரு பாராட்டு கிடையாது. துரை விரலை அந்த இடத்தில் வைத்து, இத்தனை வருஷமாக இது தெரியாமல் இருந்துவிட்டோமே என்றார். என் தோளைத் தட்டினார். பட்லர் யாருக்கு அட்டை கொடுத்தார், யாருக்குக் கொடுக்கவில்லை என்பது என் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு நிமிஷத்துக்குமேல் ஆகாது அதைச் சொல்ல. "தாங்க் யூ சார்" என்றேன்.

இரண்டு நாளில் அறை காலியானது. ஜட்காவில் அந்த அம்மாளை ஏற்றும்போது மூச்சு வாங்கியது மாடி வரை கேட்டது. நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். மனசுக்குள் ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் டைனிங் ஹாலில் பட்லரின் அலமாரியைத் திறந்தபோது நூல் போட்டுக் கட்டிய ரோஸ் அட்டைக் கட்டு இருந்தது. அந்த மாதம் குறையில்லாமல் எழுந்து போனவர்களுக்கு அவர் நீட்டாதவை. பழக்கதோஷத்தில் அதையும் எண்ணினேன். எழுதியவற்றைவிடப் பல மடங்கு. துரையிடம் கொண்டுபோகவில்லை. காலி அட்டைக்கு என் அட்டவணையில் கட்டம் இல்லை.

இப்போது ஒரு பஸ் கம்பெனிக்காக ஓசூர் ரோட்டில் பொம்மனஹள்ளி வரை போய்ப் பிரயாணிகளைக் கேட்டு எழுதுகிறேன். என் தாளில் 'கேட்கப்படாதவர்கள்' என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். அதை யாரும் படிப்பதில்லை. சில மாலைகளில் கோப்பிலிருந்து அந்த அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன். பரிமாறியவர் எப்படி என்ற இரண்டாவது கேள்விக்குத்தான் முதலில் பென்சிலைக் கொண்டுபோவேன், அது அங்கேயே நின்றுவிடும். வேலை போன அன்று பிற்பகலும் வழக்கம்போல எனக்கு டீ கொண்டுவந்து வைத்தார் பட்லர். "சூடு போதுமா தம்பி?" என்று கேட்டார். போதும் என்றேன். அட்டை தராமல் போய்விட்டார்.