கான் ஓரத்து வல்லாரை

“ஆண்டியப்பன், இயற்கை வேளாண்மை வளவாளர். மூன்று தலைமுறைகளாக ரசாயனம் தொடாத கைகள். மாறாத புன்னகைக்குச் சொந்தக்காரர்.”

இலங்கை மலையகத்தின் அக்கரப்பத்தனைப் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்தின் எல்லையை ஒட்டி, பள்ளிப் பிள்ளைகள் வந்து மண்ணைக் கிளறிப் பார்ப்பதற்கென்றே ஒரு சிறு பண்ணை இருக்கிறது. அதன் கையேட்டில் கண்டது மேற்படி வாசகம். புன்னகை பற்றி அவர் மனைவி அம்மாக்கண்ணுவுக்கு வேறு கருத்து உண்டு. கைகளைப் பற்றிச் சொல்வதானால், அவை இருபத்திரண்டு வருடம் அதே தேயிலைத் தோட்டத்தில் புல்லைக் கொல்ல மருந்தடித்த கைகள்.

எழுதியவள் பண்ணையின் ஒருங்கிணைப்பாளர் தனுஷிகா. பட்டதாரி, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான கீழ் லயத்துப் பெண். வேலைக்கு எடுக்கும்போது, “வெவசாயம் தெரியுமா மாமா?” என்று கேட்டாள். லயத்துக்குப் பின்னால் லீக்ஸ் போட்டு விற்றவர் என்பதால், தெரியும் என்றார். பொய்யில்லை. மற்றதை அவள் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லும் வழக்கம் தோட்டத்தில் கிடையாது.

முழங்கால் விட்டுப்போன பிறகு மருந்து டேங்கைத் தூக்க முடியாமல்தான் அவர் இங்கே வந்தார். வந்த இடத்தில் எதிர்பாராத ஒன்று நடந்தது. கொழும்புப் பிள்ளைகள் அவரை ‘சேர்’ என்று கூப்பிட்டார்கள். ஆயுள் முழுக்கக் கணக்கப்பிள்ளைக்கும் துரைக்கும் அந்தச் சொல்லைக் கொடுத்துக்கொண்டிருந்த மனிதர், முதல்முறையாக அதை வாங்கிக்கொண்டார். அதன் பிறகு அவர் வேலைக்கு வரும் நாளில் சட்டையின் மேல் பொத்தான் போடாமலிருந்ததில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, முப்பத்தெட்டுப் பிள்ளைகளோடு ஜெயந்தினி டீச்சர் வந்தார். உரக்குழி பார்த்தார்கள், கரட் பிடுங்கினார்கள். அடுத்தது, தோட்டத்து எல்லைக் கானின், அதாவது வடிகாலின், ஓரத்தில் வல்லாரை பறித்துக் கழுவிச் சம்பல் போட்டுத் தின்பது. கூடைகளை நீட்டிப் பிள்ளைகள் பாய்ந்துவிட்டார்கள். முழங்காலோடு மல்லுக்கட்டி ஆண்டியப்பன் பின்னால் வந்து சேர்ந்தபோது, பாதிக் கூடை நிறைந்திருந்தது.

கானின் மறுகரையில், இடுப்பளவு மானாப்புல்லில் ஒரு கொத்து முடிச்சுப் போட்டு நின்றது. வேறு யார் கண்ணுக்கும் அது காற்றில் பின்னிய புல். மருந்தடிக்கிறவர்கள் டேங்க் தீர்ந்த இடத்தில் அப்படி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் அடுத்த டேங்குக்கு இறங்குவார்கள். முடிச்சின் தலை பார்க்கும் பக்கம் அடித்தாயிற்று என்று பொருள். தலை இந்தப் பக்கம் பார்த்தது. முடிச்சு இன்னும் வாடவில்லை; நேற்றுப் போட்டதாக இருக்க வேண்டும். கான் என்றால் இரண்டு கரையும் சேர்த்துத்தான் அடிப்பார்கள். அவரே எத்தனை தடவை அடித்திருக்கிறார், எல்லையாவது ஒன்றாவது. புல் மஞ்சளாக இன்னும் சில நாள் ஆகும். வல்லாரையோ பச்சைப் பசேலென்று சிரித்தது.

“போதும், போதும், எலை முத்திப்போச்சு,” என்றார்.

“இல்லை சேர், நல்ல பிஞ்சா இருக்கு!”

“அட்டை ஏறும் டீச்சர், கூட்டிட்டு வாங்க.”

“அட்டையா? எங்க, எங்க?” அட்டை பார்க்கும் ஆசையில் இன்னும் பத்துப் பேர் கானுக்குள் இறங்கினார்கள்.

தனுஷிகா ஓடிவந்து காதோரம் கிசுகிசுத்தாள். “என்ன மாமா நீங்க, நெகழ்ச்சிநிரல்ல இருக்கில்ல. சிரிச்ச மொகமா நில்லுங்க.”

அம்னா என்ற பிள்ளை ஓர் இலையைச் சட்டையில் துடைத்து வாய்க்குக் கொண்டுபோனது.

“வைக்காத!” அந்தக் குரல் மலைக்கு மலை எட்டும்படி மருந்து டேங்குக்காகக் கூவிப் பழகிய குரல். எல்லோரும் அப்படியே நின்றார்கள். “யாரும் வாயில வைக்காதீங்க. மருந்தடிச்சிருக்கு.”

ஜெயந்தினி டீச்சர் கையேட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இது ரசாயனமே இல்லாத இடம் எண்டுதானே சொன்னீங்க? ஒரு வாசமும் இல்லையே. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அப்போதும் ஒரு வழி இருந்தது. யாரோ சொன்னார்கள் என்று சொல்லலாம். ஆனால் சொன்னவன் யார் என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதற்குள் இன்னொரு பிள்ளை தின்னும். ஆண்டியப்பன் முடிச்சைக் காட்டினார்.

“இந்த முடிச்ச நான் இருவத்திரெண்டு வருசம் போட்டிருக்கேங்க. இதே கான்ல.”

அம்னாதான் கேட்டாள். “அப்ப புத்தகத்தில இருக்கிறது பொய்யா சேர்?”

“அது தனுஷிகா மிஸ் தெரியாம எழுதினதும்மா. தெரிஞ்ச நான் பேசாம இருந்துட்டேன்.”

பிறகு பிள்ளைகளை மலையிலிருந்து கொட்டும் பீலித் தண்ணீருக்குக் கூட்டிப்போய், சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கை கழுவ வைத்தார். டீச்சர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்: என்ன மருந்து, எத்தனை நாள் நிற்கும், தாங்கள் எதை முகத்தில் கட்டிக்கொண்டு அடித்தார்கள் என்று. இடுப்பில் கட்டும் பழைய சாரத்தைக் கிழித்த துண்டைத்தான் என்றார். அன்றைய நிகழ்ச்சிநிரலில் இல்லாத இந்தப் பாடத்தைத்தான் அவர்கள் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை பண்ணை நிர்வாகம் அவரை வேலையிலிருந்து நிறுத்தியது. ரசாயனம் தொட்டவர் இருப்பது பண்ணையின் பெயருக்கு ஆகாதாம். தொடாதவர்களுக்கு முடிச்சு தெரியாதே என்று தனுஷிகா வாதாடிப் பார்த்தாள், எடுபடவில்லை. இப்போது பிள்ளைகள் வரும் நாளில் கான் முழுவதையும் அவளே விடியற்காலையில் நடந்து பார்க்கிறாள். எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டுவந்தாள்.

அந்த வியாழக்கிழமை ஆண்டியப்பன் முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் கூடைகளிலிருந்த வல்லாரையை வாங்கி, யார் வாய்க்கும் போகாதபடி குழி வெட்டிப் புதைத்தார்.