அதிர்ஷ்டத்துக்காக என்னைத் தொடுகிறவர்கள்

எழுதத் தெரியாதவன் எழுத வந்ததை முதலில் நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஊரில் ஓ.எல். பரீட்சை வரை படித்தவன். தமிழுக்குச் சாதாரண சித்திதான் கிடைத்தது. நாலு பேர் கூடினால் சுவரோரமாக நிற்கிற ஆள். எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டு மலருக்கு இந்த நாட்டின் பழைய தொழில்கள் பற்றி ஒரு கட்டுரை வேண்டும், அப்படி ஒரு தொழிலைச் செய்கிற தமிழர் எங்களுக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான் என்று கேட்டார்கள். மறுக்க வாய் வரவில்லை. தொழிலைப் பற்றி எழுதத்தான் இருந்தேன். எங்கே தொடங்கினாலும் அது ஒரு சனிக்கிழமையில் போய் நிற்கிறது. மலருக்கு இது பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள்.

நான் பேர்ன் பக்கத்தில் வீடுகளின் புகைபோக்கி துப்புரவாக்குகிறவன். அகதியாக வந்த புதிதில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். அங்கே புகைபோக்கி துடைக்க வந்தவர் என் மெல்லிய உடம்பைப் பார்த்துவிட்டு, கூரையில் ஏறப் பயமா என்று கேட்டார். பயம்தான். ஆனால் இல்லை என்று சொன்னேன். அவர்தான் இன்றுவரை என் முதலாளி.

கூரையிலிருந்து கயிற்றை விடுவோம். கயிற்றின் நுனியில் இரும்புக் குண்டு, அதற்கு மேலே கம்பித் தூரிகை. குண்டின் பாரம் தூரிகையைக் கீழே இழுக்கும். பிறகு கீழே போய் அடுப்பின் வாயைத் திறந்து, விழுந்த கரியை அள்ள வேண்டும். முகத்தை எவ்வளவு மூடினாலும் காதுக்குள்ளும் நகக்கண்ணிலும் கரி இருக்கும். சவர்க்காரம் போட்டால் மேல்கரி போகும். நகக்கண்ணில் இருப்பது போகாது.

இந்த நாட்டுச் சனங்களுக்குப் புகைபோக்கிக்காரன் அதிர்ஷ்டம். தெருவில் கண்டால் சட்டைக்கையைத் தொடுவார்கள், கோட்டுப் பொத்தானைத் திருகுவார்கள். கலியாணத்துக்குக் கூப்பிட்டு மாப்பிள்ளை பெண்ணோடு நிற்கவைத்துப் படம் எடுப்பார்கள். முன்பு அடுப்பிலிருந்து வீடுகள் எரிந்த காலத்தில், புகைபோக்கி துடைக்கிறவன் வந்து போனால் அந்த வீட்டுக்குப் பயமில்லை என்று இருந்ததாம். முதலாளி சொன்னது. இப்போது நெருப்பில்லாமல் சூடாக்கும் வெப்பப் பம்பு பூட்டிய வீடுகளில் எங்களுக்கு வேலை இல்லை. ஆனாலும் தொடுவதை விடவில்லை.

எங்கள் ஆட்களுக்கு இது நேர்மாறு. என் மனைவி கலியாணம் கட்டி வந்த முதல் கிழமையே சொல்லிவிட்டார்.

"இஞ்சாருங்கோ, உந்தக் கரியோட முன்வாசலால வராதேங்கோ. முழிவியளத்துக்கு ஆகாது. எதிர்ப்படுறது நல்லதா இருக்கவேணும்."

"இந்த நாட்டில இது நல்ல முழிவியளமாம்."

"அது அவையளுக்கு. நாங்கள் ஆர்?"

அன்று தொடக்கம் ஓஸ்டர்முண்டிகனில் எங்கள் மாடிக் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில், உடுப்புத் தோய்க்கிற இடத்தில் முகம் கைகால் கழுவி, வேறு உடுப்பு மாற்றித்தான் மேலே போவேன். அவருக்கு அது கோபம் இல்லை. பயம். இரண்டு தடவை பிள்ளை தங்கவில்லை. முதல் தடவை நாங்கள் எல்லாருக்கும் சொல்லியிருந்தோம். கனடாவில் இருந்தும் ஊரில் இருந்தும் வாழ்த்து வந்தது. பிறகு அதே ஆட்கள் அதே தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து அழுதார்கள். எல்லாரும் கண்ணும் வாயும் வைத்து நாவூறு பட்டுவிட்டது என்று மனைவி முடிவு கட்டினார்.

நாற்பது கடந்த பிறகு மூன்றாம் தடவை வந்தது. ஏழாம் மாதம் முடியும்வரை ஒருவருக்கும் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். தன் தங்கைக்கே சொல்லவில்லை. குளிர்காலம் என்பதால் பெரிய கோட்டுக்குள் வயிறு தெரியவில்லை. முதலாளிக்குச் சொல்லலாமே, அவர் வெள்ளைக்காரன், அவருக்கு என்ன நாவூறு என்று ஒருநாள் கேட்டேன். "கண் எல்லாருக்கும் ஒண்டுதான்" என்றார்.

ஆறாம் மாதம் தொடங்கியதும் நீர்க்குடம் கசியத் தொடங்கியது. பேர்ன் ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு விடாமல் மறித்துவிட்டார்கள். வைத்தியர் எனக்கு விளங்கவேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். இன்னும் இரண்டு கிழமை உள்ளே தாங்கினால் பிள்ளையைக் கருவியில் வைத்துப் பார்க்கலாம். அதற்கு முன் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. மனைவி அசையாமல் மல்லாந்து கிடந்தார். தும்மவும் பயந்தார்.

மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். பக்கத்துக் கிராமத்தில் பழைய தொழில்கள் விழா. ஒவ்வொரு வருடமும் அவர்தான் கறுப்புக் கோட்டும் உயர்ந்த தொப்பியும் போட்டுக்கொண்டு நிற்பார். இந்த முறை அவருக்கு முதுகு பிடித்துவிட்டது.

"சனிக்கிழமை நீ நில்லு. ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. நிண்டாப் போதும். அதுக்கு உன்னைவிட ஆர் இருக்கினம்?" என்று சிரித்தார்.

மனைவி ஆஸ்பத்திரியில் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் கட்டாயம் விட்டிருப்பார். நல்ல மனிதர். சத்தியம் செய்திருந்தேன். தலையாட்டினேன். மனைவியிடம் கேட்டபோது, "போங்கோ. போகாட்டி ஏன் எண்டு கேப்பினம்" என்றார்.

விழாவில் எனக்கு ஒரு பக்கத்தில் கயிறு திரிக்கிறவர், மறு பக்கத்தில் கூரைக்கு மர ஓடு பிளக்கிறவர். தள்ளி ஒருவர் கூடை பின்னிக்கொண்டிருந்தார். அவர்கள் எல்லாரும் ஓய்வூதியம் எடுத்தபின் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள். நான் முதல்நாள்கூட இரண்டு வீட்டில் கரி அள்ளிவிட்டு வந்தவன். ஒழுங்கு செய்த பெண் என்னைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமாக நின்றால் ஆர் நம்புவார்கள் என்று ஒரு சட்டியில் கரி கொண்டுவந்து என் முகத்திலும் கையிலும் பூசிவிட்டார்.

எதிரே எங்கள் ஆள் ஒருவர் ரோல்ஸ் பொரித்து விற்கக் கடை போட்டிருந்தார். பார்த்துவிட்டுக் கையைத் தட்டினார்.

"ஐயோ, ஆரெண்டு பாத்தா எங்கட அண்ணை! அண்ணை, உது பூசினவங்களோ, பூசாமலே விட்டவங்களோ?"

"பூசினவங்கள்."

"வீண் செலவு."

சுற்றி நின்றவர்களுக்கு விளங்காவிட்டாலும் அவர் சிரித்த சிரிப்பில் அவர்களும் சிரித்தார்கள். வரிசையாக வந்து தொட்டார்கள். பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள். ஒரு கிழவர் லொத்தர் சீட்டை என் தோளில் தேய்த்தார். என் கால்சட்டைப் பையில் தொலைபேசி இருந்தது. ஒவ்வொரு தொடுகைக்கும் எனக்கு அதுதான் அதிர்கிறதோ என்று இருந்தது.

சனம் குறைந்த நேரம் ரோல்ஸ்காரர் ஒரு ரோல்ஸைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"சாப்பிடுங்கோ அண்ணை. உண்மையாக் கேக்கிறன். உந்த அதிஷ்டம் உங்களுக்கும் வேலை செய்யுதோ, இல்லாட்டி வாடிக்கைக்காரருக்கு மட்டுந்தானோ?"

பதில் சொல்லுமுன் தொலைபேசி அதிர்ந்தது. மனைவி.

"வாங்கோ. உடுப்பொண்டும் மாத்தாதேங்கோ. அப்பிடியே வாங்கோ."

அவ்வளவுதான். என் உடுப்பு விழா மண்டபத்தில் பூட்டியிருந்தது. திறப்பு வைத்திருந்த பெண்ணைக் காணவில்லை. தேடவும் நேரமில்லை. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

"எங்கயண்ணை ஓடுறியள்?"

"ஒரு அலுவல்."

அப்போதும் சொல்லவில்லை. இன்னும் தாங்கும் என்றால் நான் வாயைத் திறந்து கெடுத்ததாக இருக்கக் கூடாது.

தொடருந்தில் எனக்கு முன்னால் இருந்த இரண்டு இளம்பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துச் சிரித்து, ஒருத்தி எழும்பி வந்து பொத்தானைத் திருகினாள். ஆஸ்பத்திரி வாசலில் விபரம் சொல்கிற பெண் எழும்பி என்னைத் தொடக் கையை நீட்டினார். பிறகு லிப்டுக்குள் ஒரு பிள்ளைத்தாய்ச்சி. நிறைமாதம். இரவு உடுப்போடு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"தொடலாமா? இண்டைக்கோ நாளைக்கோ எண்டு சொல்லியிருக்கினம்."

நான் தோளைக் கொடுத்தேன். இத்தனை வருடமாக எல்லாருக்கும் சொல்லிப் பழகிய வாழ்த்து தானாக வாயில் வந்தது. எல்லாம் நல்லபடி நடக்கட்டும் என்றேன். அவள் நன்றி சொன்னாள். ஒரே மாடியில்தான் இறங்கினோம்.

பிள்ளை பிறந்திருந்தது. நான் தொடருந்தில் இருந்த நேரம். ஆண் பிள்ளை. தாதி ஒரு சின்னத் துணியில் சுற்றி மனைவியின் நெஞ்சில் வைத்திருந்தார். மூச்சு இருந்தது. நெடுநேரம் இருக்காது என்று தாதி என் காதருகே சொன்னார்.

நான் முதலில் போனது கழுவுகிற தொட்டிக்கு. கரிக்கையோடு பிள்ளையைத் தொட முடியாது என்பது மட்டுந்தான் மனதில் இருந்தது. சவர்க்காரம் போட்டுப் போட்டுத் தேய்த்தேன். தண்ணீர் கறுப்பாகவே போனது. தாதி வந்து குழாயைப் பூட்டினார். "போதும். வாங்கோ" என்றார். அவர் கை என் முழங்கைக்குக் கீழே இருந்தது. அவர் அதிர்ஷ்டத்துக்காகத் தொடவில்லை. கரி பூசிய பிறகு அன்று முழுக்க அதிர்ஷ்டம் தேடாமல் தொட்டவர் அவர் ஒருவர்தான்.

என் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டான். விரலால் கன்னத்தைத் தொட்டேன். கழுவியும் போகாத கரி அதில் ஒட்டிவிட்டது. துடைக்கத் துணியை எடுத்தேன்.

"துடைக்காதேங்கோ" என்றார் மனைவி. "பொட்டு வைச்ச மாதிரிக் கிடக்கு."

முன்வாசலால் கரி வரக் கூடாது என்று சொன்னவர். என் கோட்டைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்தினார். ஒரு பொத்தானைப் பிடித்துக்கொண்டார். அதைத் திருகவில்லை. சும்மா பிடித்துக்கொண்டே இருந்தார். யன்னலுக்கு வெளியே பின்னேர வெயில் இருக்கும்போதே பிள்ளையின் மூச்சு நின்றது. எப்போது நின்றது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. தாதிதான் சொன்னார். அப்போதும் மனைவி பொத்தானை விடவில்லை.

நாங்கள் சொல்லாமல் விட்டதால் அழுவதற்கும் ஒருவரும் எங்களுக்குத் தொலைபேசி எடுக்கவில்லை.

மறுநாள் கோட்டையும் தொப்பியையும் தூசு தட்டி முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். விழா எப்படி என்று கேட்டார். நல்ல சனம் என்று சொன்னேன்.