ஜெயித்தவர் சட்டை விற்ற கடை

விளையாட்டுச் சாமான் விற்கிறவன் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. மறுநாள் காலையில் யார் ஜெயித்தார்கள் என்று மட்டும் பார்க்கிறான். கடையில் நின்றே கால் வீங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீங்கள் புடவை விற்றிருக்கலாம், செல்போன் விற்றிருக்கலாம். போன மாதம் அடித்துப் பிடித்துக்கொண்டு வாங்கியதை இந்த மாதம் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள். நான் சவுதியில், அல் கோபாரில் விற்றது அமெரிக்கக் கூடைப்பந்து அணிகளின் சட்டை. கூடவே பந்து, வலை, கோப்பை. வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள்.

பச்சைச் சரக்கு

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் அணி மூன்று வருஷம் விடாமல் பட்டம் வாங்கியது. மஞ்சள் சட்டை வந்த வேகத்தில் போனது. எங்கள் மேனேஜர் சாக்கோ கோட்டயத்துக்காரர். துபாய் மொத்த வியாபாரி மலிவாகக் கொடுத்தான் என்று பாஸ்டன் அணியின் பச்சைச் சட்டையைப் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்திருந்தார். அதுவரை வேறு எந்த அணியையும்விட அதிகப் பட்டம் வாங்கியது பாஸ்டன்தான். ஆனால் கடைசியாக வாங்கி ரொம்ப நாளாகியிருந்தது. பெட்டிகள் மாடிப்படிக்குக் கீழே கிடந்தன.

ஒரு வியாழக்கிழமை மாலை ஜுபைலிலிருந்து வரும் தொழிலாளர் கேம்ப் பஸ்ஸில் ரோடெல் வந்து இறங்கினார். சாரம் கட்டும் வேலையில் ஃபோர்மேன். பிலிப்பைன்ஸ்காரர் என்றாலும், தமிழ் ஆட்களிடம் வேலை வாங்கி வாங்கித் தமிழ் பழகியவர். கேம்ப் அணிக்கு மொத்தமாகச் சட்டை வேண்டும், பச்சைதான் வேண்டும் என்றார். சாக்கோவால் நம்ப முடியவில்லை. வியாபாரம் கெடுமே என்றுகூட யோசிக்காமல், இப்போது ஜெயிப்பது மஞ்சள்தானே என்று கேட்டுவிட்டார். ரோடெல் சொன்னார்: “மஞ்சள் எல்லா கேம்ப்லயும் இருக்கு பாய். பச்சை போட்டு ஜெயிச்சா, நாங்க ஜெயிச்சோம்னு தெரியும்.”

கிருஷ்ணன் சாரின் கேள்வி

அதே கேம்பை நடத்திய கம்பெனியில் நிர்வாக அதிகாரி கிருஷ்ணன் சார். மேற்கு மாம்பலம். கோபாரில் குடும்பத்தோடு இருந்தார். கம்பெனிப் போட்டிகளுக்குப் பந்து, வலை, கோப்பை எல்லாம் அவர் கையெழுத்தில்தான் எங்களிடம் ஆர்டர் வரும். அதனால் அவர் வந்தால் சாக்கோ எழுந்து நிற்பார்.

ஒருமுறை மகனுக்குச் சட்டை வாங்க வந்தார். பாஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோ, சான் ஆன்டோனியோ என்று எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பினேன். எது எவ்வளவு ஜெயித்தது என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். பிறகு, ஒன்று பெரிய அளவில் எடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கேட்டார்: “பையன் ரெண்டு வருஷமாவது போடணும்ப்பா. அதுவரைக்கும் ஜெயிக்கிற டீம் எது?”

அறை எண்

ரோடெலின் அணியில் உயரமான ஆள் இல்லை. அவருடைய குழுவில் சாரக்குழாய் தூக்கும் செல்வராசு ஆறடிக்கு மேல். பெரம்பலூர்ப் பக்கம். ஊரில் கபடி ஆடியவன்; கூடைப்பந்தை டிவியில்கூடப் பார்த்ததில்லை. ரோடெல் அவனைக் கடைக்கு இழுத்துக்கொண்டு வந்தபோதே புகார்தான்: பந்தை விட்டுவிட்டு ஆளைப் பிடிக்கிறான், பிடித்தால் விடுவதும் இல்லை. செல்வராசு என்னிடம் நியாயம் கேட்டான். “அவன் கையில பந்து இருக்கறப்ப பிடிக்கக் கூடாதாம்ணே. அப்பறம் எதுக்கு அவன் பக்கத்துல போயி நிக்கிறது?”

அவன் அளவுக்குப் பச்சையில் ஒன்றே ஒன்று இருந்தது. என்ன எண் ஒட்டட்டும் என்றேன். பெரிய ஆட்டக்காரர்களின் எண்களை ரோடெல் வரிசையாகச் சொல்லிப் பார்த்தார். செல்வராசு எதுவும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டான். பதினாலு போதும் என்றான். ஏன் என்றதற்குச் சொன்னான்: “எங்க ரூம் நம்பருண்ணே. சட்டை தொலைஞ்சாலும் எவனாச்சும் கொண்டாந்து குடுப்பான்.”

கூரையில் தொங்கும் சட்டை

அடுத்த பருவத்துக்குள் செல்வராசு தேறிவிட்டான். ஓட வராது, எறிய வராது. வளையத்துக்குக் கீழே கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான். அந்தப் பக்கமாக எவனும் பந்தோடு போக முடியாது என்று ஜுபைல் கேம்ப்களில் பேச்சு.

ஒரு நாள் தொழுகை நேரம். கடைக்கு ஷட்டர் இறக்கியிருந்தோம். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் ரோடெலும் செல்வராசுவும் நானும். நேரம் போக ரோடெல் பாஸ்டன் வழக்கம் ஒன்றைச் சொன்னார். பெரிய ஆட்டக்காரர் ஓய்வு பெற்றால் அவர் எண்ணை அந்த அணியில் பிறகு யாருக்கும் தர மாட்டார்கள். அந்த எண்ணை அரங்கத்தின் கூரையில் தொங்கவிட்டுவிடுவார்கள். லாஸ் ஏஞ்சலஸிலும் அப்படித்தான் என்றார். ஜெயித்த அணிகளுக்கு ஜெயிக்க வைத்தவர்களை மறக்கக் கூடாது என்பது சட்டம் மாதிரி. செல்வராசு கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: “சட்டையை மேல மாட்டிட்டா, பாவம், அந்தாளு எதைப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போவாரு?”

ஷட்டவுன்

பிளாண்டை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் வேலை அந்தக் குளிர்காலத்தில் நடந்தது. செல்வராசு சாரத்திலிருந்து விழுந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே இறந்துவிட்டான். செய்தித்தாளில் வந்திருந்தால் இந்த மூன்று வாக்கியத்தில் முடிந்திருக்கும். வரவில்லை.

அந்த வியாழக்கிழமை ரோடெல் தனியாக வந்தார். மறு வாரம் வெள்ளிக்கிழமை கேம்ப் போட்டியின் இறுதி ஆட்டம். பச்சை அணி மஞ்சள் அணியோடு மோதுகிறது. பதினாலு இனி யாருக்கும் கிடையாது என்றார். எல்லாச் சட்டையிலும் நெஞ்சுப் பக்கம் சின்னதாக அந்த எண்ணை ஒட்ட வேண்டும். சட்டைகளைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தார். ஆட்டத்துக்குள் செல்வராசு ஊர் போய்ச் சேர்ந்திருப்பானா என்று கேட்டேன். “இல்ல பாய். பாடி அனுப்புற பேப்பர் வரல. ஆஸ்பத்திரியிலயே வச்சிருக்காங்க.”

ஒரு போன்

இரண்டு நாள் கழித்துக் கிருஷ்ணன் சார் போன் செய்தார். பதினாலு ஒட்டப்போகும் விஷயத்தை யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தப் போட்டியே, விபத்தில்லாமல் வேலை நடந்ததைக் கொண்டாடக் கம்பெனி நடத்தியது. கோப்பையின் பித்தளைத் தகட்டில் அந்த வாசகத்தை அன்று காலைதான் நான் பொறித்து முடித்திருந்தேன். செல்வராசு, வேலைக்கு ஆள் அனுப்பும் சப்ளை கம்பெனியின் ஆள். இவர்கள் ரோலில், அதாவது ஆட்களின் பெயர்ப் பட்டியலில், அவன் இல்லை; அவன் விழுந்தது இவர்கள் கணக்கில் வராது.

அவர் குரலில் கடுமை எதுவும் இல்லை. சங்கடம்தான் தெரிந்தது. “நல்ல பையன்ப்பா, எனக்கே மனசு கேக்கல. ஆனா அவன் எங்க ரோல்ல இல்ல. பெரியவங்கல்லாம் மேட்சுக்கு வராங்க. அந்த நம்பர் யார் சட்டையிலயும் இருக்கக் கூடாது. இருந்தா டீமையே எடுத்துடுவாங்க.” சாக்கோ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எண் ஒட்டும் மிஷினின் சுவிட்சை அவரே அணைத்தார். அதையெல்லாம் ரோடெலிடம் அப்படியே சொன்னேன், ரோல் விஷயத்தையும் சேர்த்து. அவர் வாதாடவில்லை. “சரி. சட்டையை மடிச்சுக் குடு” என்றார்.

நாலு பேர்

கோப்பைகளை இறக்க வேனில் நான்தான் போனேன். சிமெண்டுத் தரை, இரண்டு பக்கமும் இரும்புக் கம்பத்தில் வளையம், முன்வரிசையில் சோபா. சாரம் கட்டும் தமிழ் ஆட்கள் கூட்டமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கூடைப்பந்து பார்க்க அவர்கள் வந்து நான் பார்த்ததில்லை.

ஆட்டம் தொடங்க ஐந்து பேர் நிற்க வேண்டும் என்பது விதி. பச்சைச் சட்டையில் ஐந்து பேர் நின்றார்கள். நடுவர் பந்தைத் தூக்கிப் போட்டார். உடனே பச்சையில் ஒருவர் வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்குப் பதில் யாரும் எழவில்லை. நடுவர் ரோடெலைப் பார்த்தார்; ரோடெல் தலையசைத்தார். தொடங்கிய பிறகு ஆள் குறைந்தாலும் ஆடலாம். அதுவும் விதிதான். வளையத்துக்குக் கீழே, செல்வராசு நிற்கும் இடம் காலியாக இருந்தது. நாலு பேரும் அந்த இடத்துக்குள் கால் வைக்காமல் ஆடினார்கள்.

மஞ்சள் அணி முதலில் தயங்கியது. பிறகு அந்த வழியாகவே புகுந்து புகுந்து போட்டது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஜெயிக்க வந்தவர்கள். பச்சையும் சும்மா தோற்கவில்லை. நாலு பேரும் நாக்குத் தள்ள ஓடினார்கள். பெஞ்சில் ஆட்கள் இருந்தும் கடைசிவரை யாரையும் இறக்கவில்லை. தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் கை தட்டவில்லை, எழுந்து போகவும் இல்லை. சோபாவில் இருந்த பெரியவர்களில் ஒருவர், ஆள் ஏன் குறைகிறது என்று கிருஷ்ணன் சாரிடம் கேட்டார். அவர் என்ன பதில் சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை.

பச்சை பெரிய வித்தியாசத்தில் தோற்றது. இரண்டாம் பரிசைக் கொடுக்கும்போது கிருஷ்ணன் சார் தணிந்த குரலில் இங்கிலீஷில் கேட்டார், பெஞ்சில் அத்தனை பேர் இருந்தும் ஏன் ஐந்து பேராக ஆடவில்லை, ஜெயித்திருக்கலாமே என்று. ரோடெல் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு, தரையில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி, தமிழில் பதில் சொன்னார்: “சார், அஞ்சாவது ஆள் உங்க ரோல்ல இல்ல.”

இத்தனை வருஷம் கோப்பை விற்றதில் நான் தெரிந்துகொண்டது, யார் ஜெயித்தார்கள் என்று பொறிக்கத் தகட்டில் இடம் இருக்கும், மற்றவர்கள் எதற்காகத் தோற்றார்கள் என்று பொறிக்க இருக்காது.