கொக்கிக்கு எட்டிய விறகு

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதன்பிறகு நாகப்பட்டினத்தில் மீன்கூடை தூக்கினேன். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணப் பந்திகளுக்குப் பாத்திரம் கழுவினேன். அங்கே பழைய காகிதக் கட்டு ஒன்றில் ஒரு புத்தகம் கிடைத்தது. மேலட்டை இல்லை. இங்கிலீஷ்காரர்கள் பேச்சில் புழங்கும் சொற்றொடர்கள் எப்படிப் பிறந்தன என்று தமிழில் விளக்கியிருந்தது. சட்டை ஒன்று, புத்தகம் ஒன்று என்று கொஞ்சகாலம் சுற்றினேன்.

சுவர்களில் கறுப்பும் சிவப்பும் புதிதாக ஏறியிருந்த காலம். திருப்பனந்தாளுக்குக் கிழக்கே ஒரு பண்ணையில் தை அறுப்புக்குச் சேர்ந்தேன். அந்த ஊரில் கூலிச் சண்டை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. அதிகாரிகள் முன்னால் பண்ணைக்காரர் கூலியை அரைப்படி ஏற்றிக் கையெழுத்துப் போட்டார். ஊருக்கு வந்ததும் கதிர் பொறுக்கக் கூடாது என்றுவிட்டார். அறுத்த வயலில் சிந்திய கதிரைக் கூலிக்காரப் பெண்கள் பொறுக்கிக்கொள்வது அதுவரை இருந்த வழக்கம்.

என் பக்கத்து வரிசையில் அறுத்த அக்காவுக்கு அதுதான் பெரிய அடி. அவள் புருஷன் சண்டையில் கைதாகி ஜெயிலில் இருந்தான். ஒற்றை ஆள் கூலி பங்குனியைத் தாண்டாது. அதற்குமேல் அவளும் மூன்று பிள்ளைகளும் பொறுக்கிய நெல்லில்தான் கஞ்சி காய்ச்சியாக வேண்டும்.

மத்தியானக் கஞ்சிக்கு வரப்பில் உட்காரும்போது நான் புத்தகத்தைப் பிரிப்பேன். பெருமழையை நாயும் பூனையுமாகப் பெய்கிறது என்பார்களாம். கூரைக்குள் ஒண்டியிருந்த நாயும் பூனையும் மழையில் வழுக்கி வீட்டுக்குள் விழுந்ததால் அப்படி ஒரு பேச்சு வந்தது என்று படித்தேன்.

“நம்ம கூரையில எலிதான் விழும். பூனைக்கு இங்க என்ன வேலை?” என்றாள் ஒருத்தி.

வேண்டாத விருந்தாளிக்கு ஆறிப்போன தோள்கறியைப் போட்டு அனுப்புவார்களாம், முகம் கொடுக்காததற்கு அதுவே பேராகிவிட்டது என்றேன்.

“வேண்டாதவனுக்கே கறியா? தம்பி, அந்த ஊருக்கு வழி சொல்லு. தெனம் போயி வேண்டாதவளா நிக்கிறேன்!” என்றாள் அக்கா. கஞ்சி புரையேறச் சிரித்தோம்.

மூன்றாம் நாள் ‘பை ஹூக் ஆர் பை க்ரூக்’ வந்தது. எப்பாடுபட்டாவது முடிப்பது என்று பொருள். அந்தக் காலத்தில் காடெல்லாம் பிரபுவுடையது. பச்சை மரத்தைத் தொட முடியாது. ஆனால் கொக்கிக்கும் ஆட்டுக்காரன் தொரட்டிக்கும் எட்டுகிற காய்ந்த கிளையை ஏழைகள் இழுத்துக்கொள்ளலாம்.

யாரும் சிரிக்கவில்லை. “அது சட்டமா தம்பி?” என்று கேட்டாள் அக்கா.

“வழக்கம்க்கா.”

“வெள்ளைக்காரன் புஸ்தகத்துலயே அச்சடிச்சுட்டான். அப்பறம் என்ன? எந்திரி.”

அந்தப் பக்கத்தின் அடியில் இன்னொரு வரி இருந்தது. இது செவிவழிக் கதை, உறுதியில்லை என்று. அதை நான் படிக்கவில்லை. அவள் அதற்குள் களத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தாள்.

பண்ணைக்காரர் பட்டணத்தில் சட்டம் படித்தவர். களத்துமேட்டில் நாற்காலி போட்டிருந்தார். வெள்ளைக்காரன் ஊரிலேயே ஏழைகள் பொறுக்கிக்கொள்ளலாமாம் என்று சொல்லி, அக்கா புத்தகத்தை அவர் முன் நீட்டச் சொன்னாள். நீட்டினேன்.

“அரைப்படி ஏத்திக் கேட்டப்ப இந்தப் புஸ்தகம் எங்க போச்சு?” என்றார்.

“அப்ப இவன் வரலீங்க ஐயா.”

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு படித்தார். கண் பக்கத்தின் அடிவரை போனது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் அந்த வரியை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“இது வெறகுக்குச் சொன்னது. நெல்லுக்கு இல்ல” என்றார்.

“வெறகை மட்டும் வச்சு என்னங்கய்யா பண்றது? ஒலையில போட ஒண்ணு வேணாங்களா?”

பக்கத்தில் நின்ற, பண்ணை வேலையை மேற்பார்க்கும் காரியக்காரர் சிரிப்பு தெரியாமல் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டார். பண்ணைக்காரர் புத்தகத்தை மூடினார். “சரி. பச்சை மரத்தைத் தொடக்கூடாதுன்னு போட்டிருக்குல்ல? அருவாளோட எவளும் எறங்கக்கூடாது. கையால பொறுக்குறதுதான். ஆத்தங்கரை நாலு வயல் மட்டும்.”

“நாலு வயலுக்கு எட்டுப் பேருங்க.”

“ஆறு வயல். போ.”

மறுநாள் ஆற்றங்கரை வயலில் அறுப்பு. அக்காவும் ஏழு பெண்களும் அரிவாள்களை வரப்பில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அறுத்தது நாங்கள் பத்துப் பேர். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்று ஒரு கட்டும் சரியாக இறுகவில்லை. தூக்கும்போதெல்லாம் கொத்தாகக் கதிர் நழுவியது.

“இறுக்கிக் கட்டுங்கடா!” என்று கத்தினார் காரியக்காரர்.

“பனிங்க. கை வெறச்சுப் போச்சு” என்றேன். வெயில் உச்சியில் இருந்தது.

அக்கா குனிந்தவள் நிமிரவில்லை. பொழுது சாயும்போது அவள் முந்தானை கனத்து முட்டிவரை தொங்கியது. சித்திரையில் புருஷன் ஜாமீனில் வந்தபோது குதிரில் இன்னும் நெல் கிடந்ததாம். நான் மாசியிலேயே வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டதால், பிறகு ஒரு சந்தையில் அவளே சொல்லித்தான் தெரியும்.