சிலுவையும் சாவியும்

ஹேர்னிங் நகரில் எங்கள் ஆட்களின் ஒரு பிறந்தநாள் விழாவுக்கு, தானே வேட்டையாடிய மானின் இறைச்சியில் ரோல்ஸ் செய்து கொண்டுவந்திருந்தார் தெரிந்த அக்கா ஒருவர். ஒருவரும் தொடவில்லை. அவருடைய கழுத்துச் சங்கிலியில் சிலுவையோடு வேட்டைத் துவக்கைப் பூட்டிவைக்கும் அலுமாரியின் சாவியும் தொங்கியது. கதைக்கும்போதெல்லாம் அந்தச் சாவியைத் தடவிக்கொண்டே இருப்பார்.

“வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த நாங்கள் துவக்குத் தூக்கலாமோ அக்கா?” என்று கேட்டுவிட்டேன்.

“ஏன் தூக்கக்கூடாது? அங்கை துவக்கு வைச்சிருந்தவங்கள் எல்லாரும் என்னை விசாரிச்சாங்கள். அவங்களை ஒருத்தரும் விசாரிக்கேல்லை. இங்கை பொலிஸ் என்ரை பழசெல்லாம் துருவிப் பாத்துத்தான் துவக்குக்கு அனுமதி தந்தது. விசாரிக்கட்டும், நல்லா விசாரிக்கட்டும்! அங்கையும் அவங்களை இப்பிடி விசாரிச்சிருந்தால் நான் ஏன் இங்கை வந்திருப்பன்?”

தட்டை என் முன்னால் நீட்டினார். எல்லோரும் பார்க்க இரண்டு ரோல்ஸ் எடுத்தேன்.